தட்டினால் வேலை செய்கிறதா? அங்கேதான் ஆபத்து!

வானொலி திடீரென ஓய்ந்துவிடுகிறது. மேலே ஒரு தட்டு தட்டினால் மறுபடியும் பாடுகிறது. 'சரியாகிவிட்டது' என்று நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மின்னணுப் பொறியாளர் அப்படிப் போகமாட்டார். வந்து வந்து மறையும் பழுதுதான் அவரை அதிகம் கவலைப்பட வைக்கும்.

அதற்கான காரணத்தை நம் வட்டாரத்தில் நடந்த ஒரு துயரச் சம்பவம் காட்டும். 2014 டிசம்பர் 28ஆம் தேதி, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர் ஏசியா கியூஇசட் 8501 விமானம் ஜாவாக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 162 பேரும் உயிரிழந்தனர். விமானத்தின் வால்பகுதிச் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கருவியில், பற்றாசு இணைப்பு விரிசல் விட்டிருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. அந்தக் கருவி அந்த ஆண்டில் மட்டும் 23 முறை பழுதானதாகப் பராமரிப்புப் பதிவேடுகள் காட்டின. அன்று விமானத்தில் அதே எச்சரிக்கை நான்கு முறை வந்தது. அதைச் சமாளிக்க முயன்றபோது தானியங்கிக் கட்டுப்பாடு நின்றுபோக, விமானம் நிலைதடுமாறியது. விபத்துக்கு விரிசல் ஒன்றே காரணமல்ல. ஆனால், காரணச் சங்கிலியின் முதல் கண்ணி அதுதான்.

விரிசல் எப்படி விழுகிறது?

மின்சுற்றுப் பலகையில் உதிரிப்பாகங்களை ஒட்டவைக்கும் உலோகக் கலவையே பற்றாசு. 'சோல்டர்' என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். இதன் முக்கிய உலோகம் வெள்ளீயம். பேராக் சுரங்கங்களில் ஒரு காலத்தில் வாரி எடுத்தார்களே, அதே ஈயம்தான்.

கருவி இயங்கும்போது சூடாகும், நிறுத்தினால் குளிரும். சூட்டில் எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளச் செம்பு, ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சுமார் 17 மைக்ரோமீட்டர் நீளும். மின்னணுப் பாகங்களில் பயன்படும் பீங்கான் சுமார் 7 மைக்ரோமீட்டர்தான் நீளும். இரண்டுக்கும் நடுவில் இழுபடுவது பற்றாசு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது ஒடிந்துவிடும் அல்லவா? அதே உலோகக் களைப்புதான் இங்கும். விரிசலின் இரு பக்கமும் தொட்டுக்கொள்ளும்போது மின்சாரம் ஓடும், விலகினால் நின்றுவிடும். நீங்கள் தட்டியபோது நடந்தது இதுதான்.

அழுக்கும் எதிரியே

இணைப்பு உறுதியாக இருந்தும் கருவி தடுமாறலாம். பற்றவைக்கும்போது உலோகத்தைச் சுத்தம் செய்ய ஃப்ளக்ஸ் என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள். அதன் மிச்சமும், விரலிலிருந்து ஒட்டும் வியர்வை உப்பும் பலகையில் தங்கிவிடும். நம் நாட்டு ஈரக்காற்று பட்டதும் அவை கரைந்து, மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய படலமாகின்றன. மின்னழுத்தம் இருந்தால், ஒரு முனையில் உலோகம் அயனிகளாகக் கரைந்து, மறுமுனையில் சிறு செடியின் கிளைகளைப் போலப் படிந்து வளரும். அக்கிளை எதிர்முனையைத் தொட்டுவிட்டால் குறுஞ்சுற்றுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விரிசல், ஓட வேண்டிய பாதையில் மின்சாரத்தைத் தடுக்கும். அழுக்கு, ஓடக்கூடாத பாதையில் மின்சாரத்தைக் கசியவிடும். விரிசல் பழுது சூடு, குளிர், அதிர்வு ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். அழுக்குப் பழுது ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே, பொறியாளர் முதலில் கேட்பது 'எது பழுதாகிறது?' என்பதை அல்ல, 'எப்போது பழுதாகிறது?' என்பதைத்தான்.

அடுத்து, பலகைக்குச் சேதம் வராத சோதனைகள். முதலில் உருப்பெருக்கியில் பார்ப்பார். பாகத்தின் அடியில் மறைந்துள்ள இணைப்புகளை எக்ஸ்ரே காட்டும். ஆனால், மயிரிழை விரிசல் அதன் கண்ணுக்கும் தப்பலாம். அழுக்கு என்று சந்தேகம் வந்தால், பலகையை ஆல்கஹால் கலந்த தூய நீரில் கழுவி, அந்த நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளப்பார்கள். கடத்தல் கூடினால் அயனி அழுக்கு கூடுதல் என்று பொருள். கடைசியாகத்தான் பலகையைச் சேதப்படுத்தும் சோதனைகள். சிவப்புச் சாயத்தை ஊறவிட்டுப் பாகத்தைப் பெயர்த்தெடுத்தால், முன்பே விரிசல் இருந்த இடம் மட்டும் சிவந்திருக்கும்.

இந்த வரிசை மாறக்கூடாது. சந்தேகமுள்ள இணைப்பை அவசரப்பட்டு மறுபடி உருக்கினால் விரிசல் மூடிக்கொள்ளும், கருவியும் ஓடும். ஆனால், தடயம் அழிந்துவிடும். அதே தவறு அடுத்த ஆயிரம் பலகைகளிலும் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

மாணவர்களே, பள்ளியில் நீங்கள் செய்த மின்சுற்று விட்டுவிட்டு எரிந்தால், சூட்டுக்கோலை எடுக்குமுன் ஒரு தாளை எடுங்கள். எப்போது அணைந்தது, எதைத் தொட்டபோது எரிந்தது என்று குறித்துவையுங்கள். பழுதைக் காட்டிக்கொடுக்கும் முதல் சாட்சி அந்தக் குறிப்புதான்.