சலூன் பிளேடும் எச்.ஐ.வி. பயமும்

சவரம் செய்யும்போது பிளேடு தாடையோரம் லேசாகக் கீறிவிடுகிறது. கடைக்காரர் படிகாரக் கல்லைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். புது பிளேடை ஒடித்துச் சொருகினாரா, பழையதையே வைத்துக்கொண்டாரா என்று நாம் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது கீறல் எரிகிறது. அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: நமக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தால்? சிலருக்கு இதே கேள்வி தியேட்டர் சீட்டிலும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலும் டீக்கடை கிளாஸிலும் வரும்.

கிருமி என்றால் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும் என்றுதான் நாம் எல்லோருமே நினைக்கிறோம். அப்படிப்பட்ட கிருமிகளும் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இடத்தில்கூட 7 நாள் வரை தொற்றும் வலுவோடு இருக்கும். சலூனில் பிளேடை மாற்றச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. எச்.ஐ.வி. அந்த ஜாதி இல்லை.

ஏன் என்று பார்ப்போம். எச்.ஐ.வி.யால் தானாகப் பெருக முடியாது. நம் ரத்தத்தில் சிடி4 என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. வைரஸைச் சுற்றிக் காய்ச்சிய பாலில் படியும் ஏடு போல மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. சிடி4 அணுவைப் பற்றிக்கொள்ளும் புரதக் கொக்கிகள் அந்தப் படலத்தில்தான் பதிந்திருக்கின்றன. காற்றில் காய்ந்தாலோ சோப்பு பட்டாலோ படலம் சிதையும். கொக்கி போனால் உள்ளே நுழைய வழி இல்லை. ஆய்வகத்தில் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவான வைரஸைக் காயவைத்துப் பார்த்தபோதும், சில மணி நேரத்தில் 90 முதல் 99 சதவீதம் செயலிழந்துவிட்டது.

‘வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று படித்தேனே’ என்பீர்கள். அது சிரிஞ்சுக்குள். காற்றுப் படாமல் அடைபட்ட ரத்தத்தில், வெப்பநிலையைப் பொறுத்து 42 நாள் வரை கூட இருந்திருக்கிறது. போதை ஊசியைப் பகிர்வது ஆபத்தாவது அதனால்தான். பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவை மற்ற வழிகள். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஒரு செவிலியரின் விரலில் குத்திவிட்டால்கூட, அப்படிக் குத்துப்பட்ட ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றுகிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மாத்திரை சாப்பிட்டால் அதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கொசுவைக் கேட்காமல் விடமாட்டீர்கள்: அது ரத்தம் உறிஞ்சுவது ஒரு குழாயில், எச்சில் விடுவது இன்னொன்றில். போன கடியில் குடித்த ரத்தத்தை அது நமக்குள் செலுத்துவதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ குடும்பங்களில் தொற்று உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தட்டு, ஒரே கழிப்பறை என்று வாழ்ந்துவருகிறார்கள். அந்தப் பழக்கத்தால் யாருக்கும் தொற்றவில்லை.

இவ்வளவு தெரிந்தும் பயம் போகாதவர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். ‘இல்லை’ என்று முடிவு வந்ததும் ஒரு வாரம் நிம்மதி. பிறகு, ‘ரொம்பச் சீக்கிரம் எடுத்துவிட்டோமோ?’ நியாயமான சந்தேகம்தான். இன்றைய ஆய்வகப் பரிசோதனைக்கு 45 நாள் போதும். விரலில் குத்தி எடுக்கும் உடனடிப் பரிசோதனை என்றால் 90 நாள். அதற்குப் பிறகும் ‘ரத்த மாதிரியை மாற்றி வைத்திருந்தால்?’ என்று மனம் கேட்டால், அதற்கு எந்த ரிப்போர்ட்டும் பதில் சொல்லாது. ஒவ்வொரு முறை பரிசோதிக்கும்போதும் சந்தேகத்துக்குத் தீனிதான் போடுகிறோம்.

அந்தக் கட்டத்தில் வைத்தியம் தேவைப்படுவது ரத்தத்துக்கு இல்லை. இப்படி ஓயாத சந்தேகத்தை மனநல மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்; சந்தேகம் வந்தும் சோதிக்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள், தேவையானால் மருந்தும் தருகிறார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.