புதிய கேமுக்கு மாறுகிறவர்கள் பணம் கட்டும் முன்

2021 ஜூலையில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமை நடத்தும் ஆக்டிவிஷன் பிளிஸார்டு நிறுவனம் பெண் ஊழியர்களை நடத்திய விதம் குறித்து வழக்குத் தொடுத்தது. அந்த கேமில் ஏற்கெனவே சலித்துப் போயிருந்த ஏராளமானோர், அந்தக் காலத்தில் ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நடத்தும் 'ஃபைனல் ஃபேன்டசி 14'-க்கு மாறினார்கள். டிசம்பரில் அதன் 'எண்ட்வாக்கர்' விரிவாக்கத் தொகுப்பு வந்தபோது சர்வருக்குள் நுழையவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் நிறுவனமே விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. சந்தா கட்டியிருந்தவர்களுக்கு முதலில் 7 நாட்கள், பிறகு 14 நாட்கள் என்று இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. விற்பனை மறுபடி தொடங்கியது 2022 ஜனவரி இறுதியில்தான்.

இப்படிக் கூட்டமாக மாறுவது இனியும் நடக்கும். நண்பர்கள் போவார்கள், கில்டு கலையும், பழைய கேமில் புதிதாக ஒன்றும் வராது, நாமும் கிளம்புவோம். ஆனால் மாறுகிறவர்களில் அதிகம் அடிபடுவது அனுபவசாலிகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமுக்கு முதன்முதலாக வருகிறவர் எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார். ஐந்தாறு வருடம் வேறொன்றில் ஊறியவர் யாரையும் கேட்கமாட்டார். முந்தைய கேமின் சட்டதிட்டமே இங்கும் இருக்கும் என்று நம்பி இறங்கிவிடுவார்.

செத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வார்கிராஃப்டின் வழக்கமான சர்வரில் கேரக்டர் செத்தால் கொஞ்ச நேரம் வீண், கவசத்தைச் சரிசெய்யக் கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். 2017-இல் வெளிவந்த 'ஆல்பியன் ஆன்லைன்' வேறு மாதிரி. மொபைலிலும் ஓடுகிறது, 2023-இல் ஆசியாவுக்கென்று தனி சர்வரும் வந்துவிட்டது என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் வரைபடத்தை நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் பகுதியில் இன்னொரு வீரரிடம் தோற்றால் மயங்கி விழுவதோடு போயிற்று. சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால், உடம்பில் போட்டிருந்தது, பையில் வைத்திருந்தது எல்லாமே கையைவிட்டுப் போகும். உடையாமல் மிஞ்சியதைக் கொன்றவர் அள்ளிக்கொள்வார். நிறுவனத்துக்கு எத்தனை மெயில் போட்டாலும் திரும்பி வராது. அங்கே நடந்தது திருட்டே இல்லை, கேமின் விதிப்படி நடந்த சண்டை. போனால் மனம் தாங்காத எதையும் போட்டுக்கொண்டு சிவப்புப் பகுதிக்குள் போகாதீர்கள் என்றுதான் அங்கே பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் 'ஈவ் ஆன்லைன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேச்சால் ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது பொதுவாக அங்கே விதிமீறலே இல்லை. ஜிட்டா என்ற சந்தைப் பகுதிக்குப் போனதும் சாட்டில் பார்க்கலாம்: "பணம் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்." சோதனைக்குச் சிறு தொகை அனுப்பினால் சில சமயம் உண்மையிலேயே இரட்டிப்பாக வரும். நம்பிப் பெரிய தொகை அனுப்பியதும் ஆள் பேசமாட்டார். வேறு பல கேம்களில் இப்படிச் செய்தவரைப் புகார் செய்து தடை வாங்கித் தரலாம். ஈவில் உங்கள் புகாரைக் கேட்க ஆளில்லை. நிறுவன ஊழியர் போல நடித்து ஏமாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் நடவடிக்கை உண்டு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வேறு கேமிலிருந்து வந்து கையிருப்பு முழுவதையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

சில இடங்களில் விதி மறுபக்கம் இறுகும். வார்கிராஃப்டில் ஆட்-ஆன் போட்டுக்கொள்வது சாதாரணம், நிறுவனமே அதற்கு வழிவிட்டிருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் சேவை ஒப்பந்தமோ வெளியார் உருவாக்கிய கருவிகள் எதையும் அனுமதிப்பதில்லை. பலர் சத்தமில்லாமல் போட்டுக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரீமில் அதைக் காட்டியவர்கள் தண்டனை பெற்றிருக்கிறார்கள். அடியை அளக்கும் கருவியில் பார்த்த எண்ணைச் சொல்லி, "உன் அடி போதவில்லை" என்று கூட்டாளியைக் குத்திக் காட்டினாலும் புகார் போகும். பழைய கேமில் சகஜமான பேச்சு இங்கே கணக்கை முடக்கும்.

வாங்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் அடிப்படை கேமை ஸ்டீமில் வாங்கினால், பிறகு வரும் தொகுப்புகளையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கியது அந்தக் கணக்கோடு சேராது. அவசரத்தில் வேறு கடையில் தள்ளுபடிக்கு வாங்கிவிட்டுப் பயன்படுத்த முடியாமல் நிற்பவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். அதன் இலவசப் பதிப்பில், 2023 அக்டோபரில் நீட்டித்தபடி, 70-ஆம் லெவல் வரை கால வரம்பின்றி விளையாடலாம். பணம் கட்டி முழுப் பதிப்புக்கு ஒருமுறை போய்விட்டால் அந்தக் கணக்கு இலவசத்துக்குத் திரும்பாது. எனவே இலவசத்தில் தீரும் வரை விளையாடுங்கள், பணத்தை அப்புறம் கட்டலாம். அந்த கேமுக்குள் வீடு வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 45 நாட்கள் உரிமையாளர் உள்ளே போகாவிட்டால் அந்த வீடு தானாக இடிக்கப்பட்டுவிடும்.

ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்காவிட்டால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். லாஞ்சரைத் திறந்துவைத்து அப்டேட் இறங்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். ரோல்பிளேயிங் கேமில் முகம் செதுக்கி, பெயர் வைத்து வெளியே வருவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். சந்தேகம் இருந்தால் அன்றே முடிவெடுங்கள்.

நாம் வாங்குவது என்ன என்ற கேள்விக்கு வருவோம். சேவை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: கேரக்டர், தங்கம், வாள், கணக்கு எதுவும் உங்கள் சொத்தல்ல, பயன்படுத்த அனுமதி மட்டுமே. வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான். 2023 ஜனவரியில் நெட்ஈஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்ததும், சீனாவில் வார்கிராஃப்ட் சர்வர்கள் மூடப்பட்டன. 2005 முதல் அதில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் 2024-இல் புதிய ஒப்பந்தம் வரும்வரை வெளியே நின்றார்கள். அவர்களுக்காவது கேம் திரும்பி வந்தது. 2012 நவம்பரில் மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' கேமை நிறுவனம் மறுபடி திறக்கவே இல்லை, ரசிகர்கள் நடத்தும் சர்வர் ஒன்றுக்கு 2024-இல் உரிமம் தந்ததோடு சரி. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், மின்பொருளை விற்கும்போது இது சொத்தல்ல, உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை, நாமாகத்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் பழைய கணக்கை விற்றுவிட்டு அந்தக் காசில் புதிய கேமைத் தொடங்கும் யோசனை ஆபத்தானது. பெரும்பாலான கேம்கள் கணக்கு விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் பெயர், போன் எண், பழைய கட்டண ரசீது எல்லாம் அந்தக் கணக்கோடு இருக்கும். வாங்கியவர் செய்யும் மோசடிக்கு முதல் விசாரணை உங்களிடம்தான் வரும். புதிய கேமில் வளர்ந்த கணக்கை விலைக்கு வாங்குகிறவர் நிலை இன்னும் மோசம். விற்றவர் முதல் ரசீதைக் காட்டி, "என் கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்" என்று எழுதினால் கணக்கு அவரிடமே திரும்பிப் போகும். நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கேட்பாரில்லை.

தங்கம் விற்கும் தளங்களும் அப்படியே. லெவல் குறைவாக இருக்கிறதே, சீக்கிரம் நண்பர்களை எட்டிப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பில் இருப்பவரைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். அந்தத் தங்கத்தில் பெரும்பங்கு களவாடிய கணக்குகளிலிருந்தும் பாட் வைத்தும் சேர்த்தது. நிறுவனம் கண்டுபிடித்தால் தங்கமும் போகும், கணக்கும் போகும். கார்டு எண்ணை முகம் தெரியாத ஒரு தளத்தில் கொடுத்த ஆபத்து மட்டும் உங்களிடமே தங்கும். காசு செலவழித்தே தீர வேண்டுமென்றால் நிறுவனமே விற்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'பில் 2015 முதல் பாண்டும், வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கனும் உண்டு.

கணக்கைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் கேமுக்கு வெளியேதான் காத்திருக்கிறார்கள். ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். புதிய கில்டில் சேர்கிறீர்கள், டிஸ்கார்டுக்கு வரச் சொல்கிறார்கள். உள்ளே போனதும் ஒரு பாட், "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய இந்த கியூஆர் கோடை டிஸ்கார்டு செயலியால் ஸ்கேன் செய்யுங்கள்" என்கிறது. ஸ்கேன் செய்கிறீர்கள், போன் கேட்கும் 'ஆம்' பட்டனையும் அழுத்துகிறீர்கள். அந்த கோட் எங்கோ ஒரு மோசடிக்காரரின் கணினியில் திறந்திருக்கும் லாகின் பக்கத்துடையது. அந்த நொடியில் உங்கள் கணக்குக்குள் அவர் நுழைந்துவிட்டார். பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, ஓடிபியும் தேவைப்படவில்லை. அடுத்து உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களுக்குப் பணம் கேட்டுச் செய்தி போகும். எந்த கில்டும் உறுப்பினரைச் சேர்க்க லாகின் கியூஆர் கேட்காது. புதிய கேமுக்குப் புதிய பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பை முதல் நாளே போடுங்கள்.

அதிர்ஷ்டப் பெட்டிகளில் காசு போடுகிறவர்கள் தென்கொரியாவின் 'மேப்பிள்ஸ்டோரி' விவகாரத்தை அறிந்திருக்க வேண்டும். ஆயுதத்தின் திறனை மாற்ற 'கியூப்' என்ற பொருளைக் காசுக்கு விற்றது நெக்ஸான் நிறுவனம். நல்ல திறன் கிடைக்கும் வாய்ப்பை விளையாடுகிறவர்களுக்குச் சொல்லாமலே குறைத்தது. சில சேர்க்கைகள் 2011 முதல் 2021 வரை வரவே வராதபடி அமைத்தும் விற்றது. பத்து வருடம் வராத ஒன்றுக்காக மக்கள் காசு போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். பெல்ஜியம் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதித் தடுத்துவிட்டது. விகிதத்தைச் சொல்லாத கேமில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். சொல்லியிருந்தால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: 'கென்ஷின் இம்பாக்ட்'டில் ஒரு முறை இழுக்க 160 பிரைமோஜெம், ஐந்து நட்சத்திரக் கேரக்டர் உறுதியாக வர 90 முறை வரை, ஆக 14,400. அதுவும் நீங்கள் விரும்பிய கேரக்டர்தான் வரும் என்று உறுதியில்லை.

இனி நம் கையில் உள்ள வழிகள். கேமை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. மாதாமாதம் தானாகக் கழியும் கார்டு கட்டணத்துக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் பழைய கேமின் இ-மேண்டேட்டை வங்கிச் செயலியிலேயே ரத்து செய்யலாம். சந்தாவில் சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

பணம் கட்டியும் சேவை வரவில்லை, காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றால், முதலில் நிறுவனத்துக்கு எழுதி டிக்கெட் எண் வாங்குங்கள். ரசீது, ஸ்க்ரீன்ஷாட், பதில் மெயில் எல்லாவற்றையும் சேமியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம்தான் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை உறுதிசெய்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்திடம் உத்தரவை நிறைவேற்ற வைப்பது நீண்ட பாதை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறு தொகைக்கு 1915 போதும்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தால் ரோல்பிளேயிங் கேம்களும் போய்விடுமோ என்று சிலர் பயந்தார்கள். அது தடுப்பது பணம் கட்டிப் பணம் வெல்லும் கேம்களை. சந்தாவோ நுழைவுக் கட்டணமோ கட்டுவதால் மட்டும் ஒரு கேம் அதில் சேராது. அதனால், "எங்கள் கேமில் முதலீடு செய்து சம்பாதிக்கலாம்" என்று அழைக்கும் இடத்திலிருந்து ஒதுங்கியே இருங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து பணமே களவு போனால் உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் கைவரிசையால் போன பணம் என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் நிமிடம் வரை போனது உங்கள் இழப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே தம்பி, தங்கைகளே, ஏமாந்துவிட்டது தெரிந்தால் அப்பா திட்டுவார் என்று இரவு முழுக்க மறைத்து வைக்காதீர்கள், அப்போதே வீட்டில் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொண்டு முதலில் 1930-க்கு போன் போடுங்கள்.