சமையற்கட்டும் சமூக நீதியும்

சமூக நீதி என்றவுடன் சட்டமன்றமும் நீதிமன்றமும் நம் நினைவில் எழுகின்றன, சமையற்கட்டு எழுவதில்லை. ஆயினும், மனிதரை மனிதர் தாழ்த்திய கொடுமை நம் நாட்டில் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் பந்தியும் ஒன்றன்றோ? யார் சமைக்கலாம், யாரோடு யார் அமரலாம் என்பனவே உயர்வு தாழ்வின் அளவுகோல்களாயின. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த தனிப்பந்திச் சிக்கல் தமிழக அரசியலையே உலுக்கியது.

உணவால் விளைந்த இழிவை உணவாலேயே துடைக்கலாம் என்று கண்டோரும் உண்டு. 1867இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு, சாதி சமயம் பாராமல் பசி தீர்த்து வருகிறது.

கடல்கடந்தும் ஒரு சான்று காண்போம். அமெரிக்காவின் மாண்ட்கொமரி நகரில், பேருந்துகளில் நிலவிய நிறவெறியை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி, தோழியரைத் திரட்டி, வீட்டில் சமைத்த பண்டங்களை விற்று, அப்பணத்தைப் போராட்டத்திற்கு வழங்கினார். பணியிழந்தபோதும் அவர் தளரவில்லை. தம் வீட்டையே உணவகமாக்கினார். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கு வந்து உண்டார்.

இனி நம் தாம்பரத்திற்கு வருவோம். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இங்கு 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரள, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மின்சாரம் இல்லை, பாலும் அரிதாயிற்று. அவ்வேளையில் வெள்ளம் புகாத வீடுகளின் அடுப்புகள் ஊருக்காக எரிந்தன. பள்ளிவாசல்களும் ஆலயங்களும் திருமண மண்டபங்களும் அனைவருக்கும் புகலிடமாயின. எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் பொட்டலங்களாகப் படகேறிச் சென்றன. அப்பொட்டலங்களின்மீது சமைத்தவரின் குலமோ சமயமோ எழுதப்பட்டிருக்கவில்லை!

வெள்ளம் வடிந்தபின் அந்தச் சமநிலையும் வடிந்துவிடலாமா? 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண்மணி சத்துணவு சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். சட்டம் அவர் பக்கம் நின்றது, பந்தியோ தயங்கியது. சட்டம் எட்டாத அவ்விடத்தை எட்ட வேண்டியது வீட்டுச் சமையற்கட்டே.

இரக்கத்தால் இடுவது ஈகை. இணையாக அமர்ந்து உண்பதே நீதி. மீந்ததைக் கொடுப்பவர் வள்ளலாகலாம். சமமாகக் கொடுப்பவரே நீதிமான். நம் இல்லத்தில் பணிபுரியும் அம்மையாருக்குத் தனிக் குவளை வைத்துவிட்டு, மேடையில் சமத்துவம் பேசுவதால் பயனென்ன? தாயும் தமக்கையும் புகையில் வாட, ஆடவர் மட்டும் கொடையாளி எனப் பெயர் பெறுவதும் அறமாகுமா? அரிசி களைவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் மைந்தரும் பங்குகொள்ளட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் மதிய உணவுக் கலத்தை நண்பருடன் பகிருங்கள். அவர் இல்லத்து உணவையும் கேட்டு வாங்கி உண்ணுங்கள். கொடுக்கும் கை வாங்கவும் கூசாதபோதுதான் சமத்துவம் முழுமை பெறும்.