எருசலேம் நகரின் வடை

எருசலேமின் பழைய கடைத்தெருக்களிலும் பெத்லகேமின் வீதிகளிலும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும் மணம் நம் ஊர் மசால்வடையை நினைவூட்டும். அப்பண்டத்தின் பெயர் ஃபலாஃபெல். திருப்பயணத்தின்போது நாங்கள் விரும்பிச் சுவைத்த இதனை நம் வீட்டு அடுப்பிலேயே செய்யலாம். அதன் முறையைத் தோழியருக்கு இங்கே கூறுகின்றோம்.

தேவையானவை: வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம், வெங்காயம் 1, பூண்டு 5 பல், கொத்தமல்லித் தழை இரு கைப்பிடி, சீரகத்தூள், மல்லித்தூள் தலா 1 தேக்கரண்டி, உப்பு, பொரிக்க எண்ணெய். அங்கே பார்ஸ்லி என்னும் தழையும் சேர்ப்பர். இங்கே கொத்தமல்லி மட்டுமே போதும்.

கடலையை 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, நீரை நன்கு வடித்து, துணியில் ஈரம் ஒற்றி எடுக்கவும். எல்லாவற்றையும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். ஒரு மணி நேரம் கழித்து, சிட்டிகை சமையல் சோடா கலந்து, எலுமிச்சை அளவு உருட்டி, மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரிக்கவும். சிறுமியர் பெரியோர் துணையின்றி எண்ணெய்ச் சட்டியை அணுகலாகாது.

கடலையை வேகவைத்து அரைத்தால் என்ன? வெந்த கடலையின் மாவுச்சத்து முன்னரே நீரை உறிஞ்சிப் பசையாகி விடுகிறது. ஆகவே உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும். ஊறிய பச்சைக் கடலையிலோ, பொரியும்போதுதான் மாவுச்சத்து பசையாகி உருண்டையைப் பிணைக்கிறது. நம் மசால்வடைக்குக் கடலைப்பருப்பை வேகவைக்காமல் ஊறவைத்து அரைப்பதும் இதனாலேயே!

தொட்டுக்கொள்ள, வறுத்த வெள்ளை எள்ளை விழுதாக அரைத்து எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, நீர் கலந்தால் போதும். அங்கே பித்தா என்னும் பை போன்ற ரொட்டிக்குள் காய்கறியுடன் வைத்துத் தருவர். நமக்குச் சப்பாத்தி கைகொடுக்கும்.

எகிப்தில் இதற்குத் தாமியா என்று பெயர். அங்கே கடலைக்குப் பதிலாக ஃபாவா என்னும் பெரிய அவரை விதையைப் பயன்படுத்துவர். ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கி நோன்பிருக்கும் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு இது பெருந்துணை. உலர்ந்த கடலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு அன்றோ!

இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் இவ்வுணவைத் தமதென்றே உரிமை கொண்டாடுகின்றனர். பகை மூண்டு குருதி சிந்திய அம்மண்ணில் இரு சாராரின் பிள்ளைகளும் பசி தீர நாடுவது இந்த ஒரே பண்டத்தைத்தான். விடுமுறையில் இதனைச் செய்து பகிர்ந்துண்ணும் நாம், அப்பிள்ளைகள் அனைவரும் அச்சமின்றி உண்ணும் நாள் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம்.