106 குதிரையா... 92 குதிரையா?

கையில் கொஞ்சம் சேமிப்பு. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. தவணை கட்டிப் புது கார் வாங்கினால் தெருவே பார்க்கும், சரி. ஆனால் ஓட்டுகிறவனுக்குக் கொட்டாவி வருகிறதே! 'ஸ்டியரிங்கைத் தொட்டா ஜிவ்வுனு இருக்கணும்ணா... அந்த மாதிரி ஒரு பழைய வண்டி சொல்லுங்க' என்று கேட்கிற தம்பிகள் எங்கள் கீழ்பென்னாத்தூரிலும் உண்டு. டீக்கடையில் எத்தனை டீ போனாலும் பேச்சு கடைசியில் இரண்டு பெயரில்தான் வந்து நிற்கும். ஒன்று, ஹோண்டா சிட்டி வி-டெக். இன்னொன்று, ஃபோர்டு ஐகான் 1.6.

'ரெண்டும் இருபது வயசு தாண்டின கிழடாச்சே' என்கிறீர்களா? வாஸ்தவம். ஆனால் இந்தக் கிழடுகளுக்கு இன்றைக்கும் ரசிகர் மன்றம் வைக்காத குறைதான்!

பிறந்த கதை

ஐகான் நம்ம ஊர்ப் பிள்ளை. 1999 நவம்பரில் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் செய்தார்கள். 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்ததே, ஞாபகம் இருக்கிறதா? சிட்டி, கிரேட்டர் நொய்டாவில் பிறந்த வடக்கத்திக்காரர். 1998லேயே சிட்டி வந்துவிட்டாலும், வி-டெக் இன்ஜினை மாட்டியது 2000ல். 2003ல் புது மாடல் சிட்டி வந்ததும் இது நின்றுபோனது. புதுசுக்கு 77 குதிரைசக்திதான் என்று தெரிந்ததும் ரசிகர்கள் பழசைத் தேட ஆரம்பித்தவர்கள், இன்னும் தேடுகிறார்கள்.

இன்றைக்கு இரண்டுக்குமே பிறந்த வீடு கிடையாது. நொய்டாவில் ஹோண்டா 2020ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022ல் மறைமலை நகரில் நிறுத்தியது. ஆக, கோபித்துக்கொண்டு போகவும் இடமில்லை. உங்கள் வீட்டில்தான் கிடக்க வேண்டும்!

கணக்கு என்ன சொல்கிறது?

பி.காம். படித்தவன் புத்தி, முதலில் பற்று வரவு போட்டுவிடுவோம். சிட்டி வி-டெக்: 1.5 லிட்டர், 106 குதிரை. ஐகான்: 1.6 லிட்டர், 92 குதிரை. பதினாலு குதிரை வித்தியாசம். 'அப்புறம் என்ன யோசனை, சிட்டியை முடிச்சுடுங்க' என்று எழுந்துவிடாதீர்கள். இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

வி-டெக்கின் ரகசியம் வால்வில். சாதாரணமாக ஓட்டும்போது இன்ஜின் பரமசாது. சுற்று ஏற ஏற, வால்வைத் திறக்கிற 'கேம்' மாறி, வால்வு அதிகம் திறக்கும். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும். சாது மிரண்டால் என்ன ஆகும் என்று அப்போது தெரியும்! ஆனால் அந்த 106 குதிரையும் ஒன்றாக ஓட, முள் ஆறாயிரத்துக்கு மேல் ஏற வேண்டும்.

ஐகான் வேறு ஜாதி. இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே முழு இழுவை. கியரைக் குறைக்காமல் மிதித்தாலும் 'இதோ வந்துட்டேன்' என்று கிளம்பும். ஸ்டியரிங்கோ, ரோட்டில் கிடக்கிற கல்லைக்கூடக் கையில் சொல்லும். வளைவில் திருப்பினால், நினைத்த இடத்தில் வண்டியின் மூக்கு நிற்கும்.

எங்கள் ரோடு எப்படி?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. எதிரே கரும்பு டிராக்டர் வரும். ஓரத்தில் மல்லாட்டை காயும். பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குப் போகிற பஸ்ஸும் வேனும் வரிசை கட்டும். நடுவே பிரிக்காத இந்த மாதிரி ரோட்டில் காருக்கு 70 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2018ல் மத்திய அரசு அறிவித்தது.

இப்போது மறுபடி கணக்கு. வி-டெக்கை இரண்டாவது கியரில் ஆறாயிரம் சுற்றுக்கு முறுக்கினாலே 70 தாண்டிவிடும். அதாவது, சிட்டியின் சுகம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே சட்டம் முடிந்துவிடுகிறது! காசு கொடுத்து வாங்கின குதிரைகளில் பாதி, லாயத்திலேயே கொள்ளு தின்றுகொண்டிருக்கும். ஐகானின் சுகம் 40க்கும் 70க்கும் நடுவில். செஞ்சி போகிற வழியில் டிராக்டரைத் தாண்டும்போது கிடைக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வட்டியோடு கிடைக்கும்.

இன்னொரு சமாச்சாரம். காருக்கு ஏபிஎஸ் பிரேக்கும், டிரைவருக்கு ஏர்பேகும் கட்டாயமானது 2019ல்தான். இவை அதற்கு ரொம்ப முந்திய வண்டிகள். வீட்டில் அம்மா காத்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு பாதுகாப்பை நம்ப முடியாது.

பார்த்து வாங்குங்க!

* சிட்டியில் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் வேலை வந்துவிடும். ஐகானில் செயின், அந்தத் தொல்லை இல்லை.

* ஐகானில் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கிற பிளாஸ்டிக் கூடு வெடிக்கும், கூலன்ட் கசியும். கவனிக்காவிட்டால் இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட்டுக்கு வேட்டு. பெட்ரோலும் கொஞ்சம் தாராளமாகவே குடிக்கும்.

* சிட்டிக்குத் தரையோடு உறவு அதிகம். நாலு பேர் உட்கார்ந்தால் ஸ்பீடு பிரேக்கர் தோறும் அடிவயிற்றில் உரசும். லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள்.

* இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. எதை வாங்கினாலும் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள்.

* 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா? பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா? காசு எண்ணுவதற்கு முன் பாருங்கள்.

* உதிரி பாகம்? 2003க்கு அப்புறமும் பல வருஷம் 1.3, டீசல் என்று ஐகான் ஓடியதால் கதவு, கண்ணாடி, சஸ்பென்ஷன் சாமான்கள் புதுப்பேட்டையில் சுலபமாகச் சிக்கும். சிட்டிக்கு அலைச்சல் கூடுதல்.

தீர்ப்பு

சென்னைக்காரர், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முறைப்படி ஓட்ட வழியிருக்கிறவர் என்றால் சிட்டி வி-டெக். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். (ஓட்டும்போது திறந்துகொள்ளவும்!)

ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலம் செஞ்சிக் கோட்டை வரை ஒரு ரவுண்டு, மாதம் ஒருமுறை மலை என்கிற நம்மைப் போன்றவருக்கு ஐகான்தான். தன் 92 குதிரையில் எண்பதையாவது உங்களிடம் கொடுத்துவிடும். 106 வைத்துக்கொண்டு ஐம்பதைக் கொடுப்பவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரே கையில் இருந்த, யாரும் நோண்டாத சிட்டியும், நாலு கை மாறிச் சத்தம் போடுகிற சைலன்சர் மாட்டிய ஐகானும் எதிரே நின்றால், மேலே நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு சிட்டியை வாங்குங்கள். பழைய வண்டியில் குதிரையை விட, அதுவரை கடிவாளம் யார் கையில் இருந்தது என்பதுதான் முக்கியம்.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் விசாரிக்கிறார்களே, அந்த மாதிரி நாலு பேரிடம் விசாரியுங்கள். மெக்கானிக்கைக் கூடக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் சொந்தக்கார மாமாவாகவே இருந்தாலும்... மாமாவாக இருந்தால் இரண்டு மெக்கானிக்!