தாய்ப் பூஞ்சையே கிடைக்காத ஸ்போருக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

பல கோடி ஆண்டுப் பழைய பாறைத் துண்டை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் போட்டால் மணலும் களிமண்ணும் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் பூஞ்சை ஸ்போர் தப்பிக்கும். அதன் கைட்டின் சுவர் அமிலத்தைத் தாக்குப்பிடிக்கும்.

சரி, ஸ்போர் கிடைத்துவிட்டது. அதை உதிர்த்த பூஞ்சை? பெரும்பாலும் தடயமே இருக்காது.

தையல்காரரின் பொத்தான் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். எது எந்தச் சட்டையுடையது என்று தெரியாதபோது என்ன செய்வீர்கள்? துளைகளை எண்ணிப் பிரிப்பீர்கள். ஆய்வாளர்களும் அப்படித்தான் ஸ்போரின் அறைகளையும் துளைகளையும் எண்ணிப் பெயர் வைக்கிறார்கள்.

ஓர் அறை, துளை இல்லையா? இன்அபெர்டிஸ்போரைட்டிஸ். ஓர் அறை, ஒரு துளையா? மோனோபோரிஸ்போரைட்டிஸ். இரண்டு அறை, துளை இல்லையா? டைசெல்லேஸ்போரைட்டிஸ்.

அதனால், ஒரே பெயருக்குள் உறவில்லாத பூஞ்சைகளும் சேர்ந்துவிடலாம்.

சில ஸ்போர்கள் விதிவிலக்கு. நான்கு கொம்புகள் நீட்டிய ஸ்போரா? இன்றும் வாழும் டெட்ராப்ளோவா என்ற பூஞ்சையின் பெயரையே அதற்கு வைத்துவிடுவதுண்டு.