120 ஹெச்.பி. இஞ்சின், மணிக்கு 15 கிலோமீட்டர்

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ கட்டிக்கிடக்கும் நடுத்தர விசைப்படகில் 120 ஹெச்.பி. டீசல் இஞ்சின் இருப்பது சாதாரணம். அதே சக்தி கொண்ட கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். படகோ முழு விசையில் போனாலும் 15, 16 கிலோமீட்டர்தான். கரையோரச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் இளைஞர் அதை முந்திவிடலாம். இஞ்சினை எடுத்துவிட்டு இரு மடங்கு சக்தியுள்ள ஒன்றை வைத்தால்? கூடுவது ஒரு நாட், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாட். டீசல் செலவு மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

கடலில் வேகத்துக்கு அளவு நாட். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் போனால் ஒரு நாட். துடுப்புப் போட்டுப் போகும் கட்டுமரம் இரண்டு, மூன்று நாட் போகும். பத்து ஹெச்.பி. மோட்டார் மாட்டிய ஃபைபர் படகு வலையும் ஆளும் ஏறியபின் ஆறிலிருந்து எட்டு நாட் வரை. மரத்தில் கட்டிய விசைப்படகு ஏழிலிருந்து ஒன்பது. பெரிய ஸ்டீல் படகுகள் பத்து, பதினொன்று வரை எட்டும். இந்திய கடலோரக் காவல்படையின் இடைமறிப்புப் படகுகள் 40 நாட்டைத் தாண்டிப் பாய்கின்றன. எல்லாம் ஒரே தண்ணீரில்தான் ஓடுகின்றன. அப்படியிருக்க இவ்வளவு வித்தியாசம் ஏன்?

விடையைத் தேடியவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீளமான தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறிய கப்பல் மாதிரிகளைக் கயிற்றால் இழுத்து, தண்ணீர் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். படகு ஓடும்போது தண்ணீரைக் கிழிப்பதோடு நிற்பதில்லை, அலையும் எழுப்புகிறது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு முகடு எழும், அதன் பின்னால் ஒரு பள்ளம் விழும். வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அப்போது படகு தானே எழுப்பிய முகட்டின் அடிவாரத்தில் மாட்டிக்கொள்கிறது. மேட்டில் சுமையோடு ஏறும் மாட்டுவண்டிபோல, இஞ்சினின் சக்தியெல்லாம் அந்த ஏற்றத்திலேயே கரைந்துபோகிறது.

அந்த வரம்பைக் கணக்கிடப் படகு கட்டுபவர்களிடம் எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். 20 அடிக்கு 6 நாட். 30 அடிக்கு 7.3, 50 அடிக்கு 9.5, 80 அடிக்கு 12. நீளம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரு மடங்காகிறது. உடல் ஒடுங்கி நீண்ட படகுகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மீறும். ஐஸ், டீசல், தண்ணீர், வலை, பிடித்த மீன் என்று எல்லாவற்றையும் வயிற்றில் வாங்கும் அகன்ற மீன்பிடிப் படகு அதைத் தொடுவதே பெரிய காரியம்.

அதனால்தான் கடைசி ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் விலை இவ்வளவு அதிகம். வரம்புக்குக் கீழே ஓடும்போதே, தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படி அளவில் ஏறுகிறது. வரம்பை நெருங்கினால் அதைவிடவும் கூடும். கரையிலிருந்து 20 கடல் மைல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7 நாட்டில் போனால் 2 மணி 51 நிமிடம் ஆகும். 9 நாட்டில் போனால் 2 மணி 13 நிமிடம். மிச்சமாவது 38 நிமிடம். முப்படிக் கணக்கிலேயே பார்த்தால்கூட, அந்த 38 நிமிடத்துக்காக அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாக டீசல் எரிகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே மணிக்கு எரியும் டீசலில் கால்வாசிக்கு மேல் மிஞ்சும். ஏலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தால் நல்ல விலை என்ற நிலை இருக்கும்வரை டிரைவர்கள் விசையைக் குறைக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் போகும்போதும் அதே வேகம் எதற்கு என்று ஒவ்வொரு உரிமையாளரும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வரம்பைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. அலையைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு, தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்குவது. அதற்குப் படகு எடை குறைவாகவும், பின்பகுதி தட்டையாகவும், மோட்டார் பலமாகவும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கரையில் ஓடும் 18 அடி ஃபைபர் படகில் 25 ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டார் மாட்டி, சுமையில்லாமல் விட்டால் 15 நாட்டை எளிதில் தாண்டும். அணியம் தூக்கி நிற்க, படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். அதே படகில் வலையை ஏற்றி, நான்கு ஆள் அமர்ந்து, திரும்பும்போது மீனும் நிறைந்தால் அது மறுபடியும் தண்ணீருக்குள் அமிழ்ந்து, ஃப்ரூட் சொன்ன கணக்குக்கே திரும்பிவிடுகிறது. அமெரிக்க ஏரிகளில் போட்டிக்காகத் தூண்டில் போடுபவர்கள் 20 அடிப் படகில் 250 ஹெச்.பி. மோட்டார் வைத்து மணிக்கு 110 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்கள். அவர்கள் ஏற்றி வருவது சில கிலோ மீன்தான்.

அவுட்போர்டு மோட்டாருக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் சக்தி ஒன்றரை ஹெச்.பி.; எடை 28 கிலோ. 2021-இல் வெளிவந்த மெர்குரி நிறுவனத்தின் பெரிய மோட்டார் 12 சிலிண்டர் கொண்டது. சக்தி 600 ஹெச்.பி. நம் கரையின் நாட்டுப்படகுகளில் ஓடுபவை பெரும்பாலும் பத்து ஹெச்.பி.யை ஒட்டியவை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் கன்னியாகுமரிக் கரையில் நிறைய உண்டு. கழற்றித் தோளில் தூக்கிப் போகலாம், வீட்டில் பூட்டி வைக்கலாம். அது பெரிய வசதி. ஆனால் அதே அளவு சக்திக்கு டீசல் இஞ்சினைப்போல ஏறத்தாழ இரு மடங்கு எரிபொருளைக் குடிக்கும்.

இஞ்சினின் சக்தியைத் தண்ணீருக்குக் கொடுப்பது புரொப்பெல்லர். பலரும் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு 24 அங்குலம் முன்னேறும்படி வார்க்கப்பட்டிருக்கிறது என்று வைப்போம். இஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்ற, கியர்பாக்ஸ் அதை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் புரொப்பெல்லர் 600 சுற்று சுற்றும். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் அது தண்ணீரில் இறங்கினால் படகு 12 நாட் ஓட வேண்டும். தண்ணீர் இளகிக் கொடுப்பதால் மூன்றில் ஒரு பங்கு நழுவி, 8 நாட்தான் மிஞ்சும். பழைய படகுக்குப் புதிய இஞ்சின் வாங்குபவர் பழைய புரொப்பெல்லரையே விட்டுவைத்தால் வாங்கிய ஹெச்.பி.யில் ஒரு பகுதி வீணாகலாம்.

தொழில் நடக்கும்போது படகு ஓடும் வேகத்தைப் பார்த்தால் வெளியாட்கள் வியந்துபோவார்கள். இழுவை மடி எனும் வலையை இறக்கியபின் விசைப்படகு போவது இரண்டரை, மூன்று நாட். மனிதர் விறுவிறுவென்று நடக்கும் வேகம் அது. மீன்களோ இதைவிட வேகமானவை. தளப்பத்து எனப்படும் மயில்மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் நீந்தும் என்று பல காலம் எழுதப்பட்டு வந்தது. அதன் தசை சுருங்கும் நேரத்தை அளந்து 2016-இல் வெளியான ஆய்வு அதை 30 கிலோமீட்டராக இறக்கியது. சீலா மீனுக்கு 22 கிலோமீட்டர். அப்படியும் அவை மடியைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் எந்த மீனும் அந்த வேகத்தைச் சில நொடிகளுக்கு மேல் தாங்காது. மடியின் வாய்க்கு முன்னால் வரும் மீன்கள் மடியோடு சேர்ந்து அதே வேகத்தில் நீந்திக்கொண்டே போகும். களைத்ததும் பின்வாங்கி உள்ளே விழும். மடி மீனைத் துரத்திப் பிடிப்பதில்லை, களைக்க வைக்கிறது. மூன்று நாட்டில் நகரும்போதும் இஞ்சின் ஏறத்தாழ முழு விசையில் உறுமுவது அந்த மடியை இழுக்கத்தான்.

அதிவேக இஞ்சின் பற்றி நம் கரையோரத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையை இங்கிருந்து பார்க்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் தொழில் செய்யக் கூடாது. 2020-இல் திருத்தப்பட்ட விதிகள் 240 ஹெச்.பி.க்கு மேற்பட்ட இஞ்சினைத் தடை செய்தன. சீனாவிலிருந்து வரும் அதிவேக இஞ்சின் வைத்த படகுகள் மீது நாட்டுப்படகுக்காரர்கள் கொதிப்பது அவை முந்திக்கொண்டு ஓடுவதற்காக மட்டும் அல்ல. கூடுதல் சக்தியால் ஓட்டத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு நாட். இழுவையில் கிடைப்பதோ பெரிய மடி, கனமான அடிக்கயிறு, மணிக்கணக்கில் துடைத்தெடுக்கப்படும் கடல்தரை. சக்திக்கு உச்சவரம்பு வைத்தது சரியான முடிவு. அதைத் துறைமுகத்திலேயே அளந்து நடைமுறைப்படுத்தினால்தான் அதற்குப் பொருள் உண்டு.

துறைமுகம் இல்லாத மணல்கரைகளில் வேகத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைக் கடப்பதுதான் நாளின் மிக ஆபத்தான சில நிமிடங்கள். வெளியே போகும்போது இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் சட்டென்று பாய்ந்தாக வேண்டும். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதே வேகத்தில் வர வேண்டும். முந்தி அதன் முகத்தில் இறங்கினால் அணியம் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். இங்கே ஆழம் இல்லாததால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் மணலில் அடிபடும். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்வள அமைப்பு, கரை ஏறும்போது புரொப்பெல்லரோடு சேர்த்து உயர்த்திக்கொள்ளக்கூடிய டீசல் இஞ்சின் அமைப்பை உருவாக்கியது இதற்காகத்தான்.

படகு வாங்கிய நாளில் ஓடிய வேகம் நிலைப்பதும் இல்லை. அடிப்பலகையில் கொட்டலசும் பாசியும் ஏறினால் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும். பாசி தடுக்கும் பெயின்ட் அடிக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் எரிபொருள் செலவு 7 சதவீதம் வரையும், ஆறு மாதத்தில் 44 சதவீதம் வரையும் கூடலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நீவாட்டையும், அதாவது கடல் நீரோட்டத்தையும், சேர்த்துக்கொள்ள வேண்டும். 7 நாட் ஓடும் படகுக்கு எதிரே இரண்டு நாட் நீவாடு இருந்தால் கரையை நோக்கிய வேகம் 5 நாட்தான். ஜிபிஎஸ் காட்டுவது நீவாட்டையும் சேர்த்த வேகம். யாராவது தன் படகு பத்து நாட் ஓடுகிறது என்றால், நீவாடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் உயிர்க் கணக்காவது புயல் காலத்தில். 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது, மறுநாள் காலையிலேயே ஒக்கி புயலாகிவிட்டது. 8 நாட் ஓடும் படகு ஓயாமல் ஓடினாலும் ஒரு நாளில் கடப்பது 192 கடல் மைல். எதிர்க்காற்றும் அலையும் இருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் அதைவிடத் தொலைவுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. கரையோரத் தொலைபேசி எட்டாத கடல் அது. பெரிய இஞ்சின் இருந்திருந்தாலும் அந்தப் படகுகளில் இருந்தவர்கள் அந்தப் புயலை முந்தியிருக்க முடியாது. ஒக்கிக்குப் பிறகு, 2019-இல், ஆழ்கடலில் இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வந்தது.

கருவி வந்தது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. தன் படகு முழுச் சுமையோடு, எதிர்நீவாட்டில் எத்தனை நாட் ஓடும் என்பதை ஒவ்வொரு டிரைவரும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை விடுபவர்களும் அந்த எண்ணை வைத்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். 300 கடல் மைலுக்கு அப்பால் இருக்கும் படகு நல்ல கடலில், 8 நாட்டில், கரை சேர முப்பத்தேழரை மணி நேரம் ஆகும். எச்சரிக்கை அதற்கும் முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.